அரை அடி இடப்பக்கம்

சாரை நினைத்ததும் எனக்கு முதலில் வருவது அவர் முகம் இல்லை, குரல். "அண்ணே, அரை அடி இடப்பக்கம்." நாலு வருஷம் இந்த ஒரே வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு இடது காது மந்தமாகிப் போச்சு என்று வீட்டில் சொல்வேன். வீட்டுக்காரி நம்ப மாட்டாள். என்னை அவள் நம்பிய நாளும் கிடையாது, அது வேறு கதை.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. இப்போது மெயின்லேண்டில் பெரிய நாற்காலியில் இருக்கிறார். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஆள் இருக்கிறதாம். இந்த நேரத்தில் கோழி விஷயம் வெளியே தெரிந்தால் நன்றாக இருக்காது.

நான் அந்தமானில், போர்ட் பிளேயரில் ஜீப் ஓட்டுகிறவன். வீடு கராச்சர்மாவில். அப்பா காலத்திலேயே ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்துவிட்ட குடும்பம். சார் ஓர் ஆபீசில் ஜூனியர் இன்ஜினியர். தீவு தீவாகப் போய்த் தண்ணீர்த் தொட்டி, படகுத்துறை, பாலம் எல்லாம் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். அவரை ஏற்றிப் போக என் ஜீப்பைப் பேசி வைத்திருந்தார்கள். எனக்கு அப்போது நாற்பத்துநாலு, அவருக்கு முப்பத்தைந்து. அதனால் அவர் எனக்கு சார், நான் அவருக்கு அண்ணே.

வேலையில் குறை சொல்ல முடியாது. தொட்டி மேல் ஏறுவார், தட்டிப் பார்ப்பார், நோட்டில் எழுதுவார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் பின் சீட்டிலிருந்து அந்தக் கறுப்புப் பை இறங்கும். அது இறங்கினாலே என் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப் போகும்.

பையில் ஒரு கேமரா, மூன்று லென்ஸ், ஒரு மூன்று கால் ஸ்டாண்ட். அதைக் கொண்டு அவர் எடுத்ததெல்லாம் ஒரே ஆளை. தன்னைத்தான். கடலில் சூரியன் விழுந்தால் அதற்கு முன்னால் அவர் நிற்க வேண்டும். யானை மரம் இழுத்தால் யானைக்கு முன்னால் அவர். ஒரு தடவை டிக்லிபூர் பக்கம் ஆமை முட்டையிட வந்த கரையில், ஆமை போன தடத்துக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்டார். ஆமை தப்பித்தது.

"செல்போன்ல கையை நீட்டி எடுத்துக்கிட்டா போச்சு சார்," என்பேன், பசி நேரத்தில்.

"அதுல மூக்குதான்ணே முன்னாடி ஊருக்குப் போய்ச் சேரும். மத்ததெல்லாம் அடுத்த கப்பல்ல வரும்."

யாரிடமாவது கொடுத்து எடுக்கச் சொல்லலாமே என்றால் அதுவும் ஆகாது. அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். வேலை கிடைத்து முதல் முதலாகக் கப்பலில் வந்தபோது, மேல்தளத்தில் நின்று பக்கத்து ஆளிடம் கேமராவைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னாராம். அந்த ஆள் எடுத்துக் கொடுத்தான். இவரும் நம்பி, கழுவின படத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அம்மாவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். படத்தில் கடல் இருந்தது, கப்பல் கம்பி இருந்தது, மீதி முழுக்க அந்த ஆளுடைய கட்டைவிரல். அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டியிருக்கிறார்கள். "என் மவன் இதுக்குப் பின்னாடிதான் நிக்கிறான்." அன்றைக்கு முடிவு செய்தாராம், இனிமேல் தன் படத்தில் அடுத்தவன் விரல் படக்கூடாது என்று.

நானும் சிரித்தேன். சிரித்தவன் மாட்டிக்கொண்டேன்.

எப்படி என்றால், கேமராவை ஸ்டாண்டில் வைத்துப் பொத்தானை அமுக்கினால் பத்து வினாடி கழித்துத் தானாக எடுக்கும். அதற்குள் அவர் ஓடிப் போய் நிற்க வேண்டும். ஆனால் அவர் இங்கே கேமரா பின்னால் இருக்கும்போது அங்கே ஃபோகஸ் எதன் மேல் விழும்? அங்கே ஓர் ஆள் நிற்க வேண்டும். அவர் உயரத்துக்கு, அவர் அகலத்துக்கு. ஆண்டவன் எனக்கு ஐந்தடி ஆறங்குலம் கொடுத்தது எதற்கென்று ரொம்ப நாள் தெரியாமல் இருந்தேன். இதற்குத்தான்.

"அண்ணே, அங்க நில்லுங்க. அரை அடி இடப்பக்கம். உங்க இடம் இல்ல, என் இடம். ம், அப்படியே. முகத்தைத் தூக்குங்க. மூச்சு விடலாம், ஆனா ஆடாதீங்க."

ஒரு படம் எடுத்துப் பார்ப்பார். ஃபோகஸை அப்படியே பூட்டுவார். என் கால் கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு சிப்பியோ தேங்காய் மட்டையோ வைத்து அடையாளம் போடுவார். பிறகு, "தள்ளிக்கோங்கண்ணே." நான் ஒரு குதி குதித்து விலக வேண்டும். பீப் பீப் என்று சத்தம் வரும். அவர் பஸ்ஸை விட்டவன் மாதிரி ஓடி வந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்பார். கிளிக். மறுபடி ஓடிப்போய்ப் பார்ப்பார். "கண்ணு மூடிருச்சு." மறுபடி நான்.

இப்படி எத்தனை தீவு, எத்தனை கரை. நீல் தீவில் நின்றிருக்கிறேன், ஹட் பேயில் நின்றிருக்கிறேன், மாயாபந்தரில் மழையில் குடையோடு நின்றிருக்கிறேன். எங்கேயும் படத்தில் நான் இல்லை. என் வீட்டுக்காரி கேட்பாள், "நாலு நாள் அவரோட சுத்துறீங்களே, உங்களை ஒண்ணு எடுக்கக் கூடாதா அந்த மனுசன்?" எடுக்கிறார், அழித்துவிடுகிறார் என்று சொல்ல வெட்கமாக இருக்கும். "எனக்கு அதெல்லாம் பிடிக்காது," என்று சொல்லிவிடுவேன்.

லென்ஸ் விஷயத்தில் அவருக்கு ஒரு சொல் உண்டு. வண்டியில் ஏறினவர்களுக்கெல்லாம் சொல்வார். "பதினாலு பொய் சொல்லும். எண்பத்தஞ்சு புகழ்ந்து பேசும். முப்பத்தஞ்சுதான் சாட்சி சொல்லும்."

பதினாலு எம்எம் என்பது ரொம்ப அகலம். அதில் கரை முழுக்க வரும், ஆனால் ஓரத்தில் நின்றால் தலை பூசணிக்காய் ஆகிவிடும். எண்பத்தைந்தில் முகம் அம்சமாக வரும், கன்னம் வற்றும், மூக்கு அடங்கும். பின்னால் இருப்பதெல்லாம் பாலில் போட்ட பிஸ்கட் மாதிரி கரைந்துவிடும். முப்பத்தைந்து அப்படியே காட்டும். உள்ளது உள்ளபடி.

"ஊர் ஊராப் போறவன் லென்ஸ் துவாரத்தை எஃப் எட்டுல வைக்கணும்ணே," என்பார். "நான் வந்ததும் தெரியணும், எங்க வந்தேன்னும் தெரியணும். ரெண்டுல ஒண்ணு மங்கினாலும் போனதுக்கு அர்த்தம் இல்ல."

இதைச் சொல்லிவிட்டு அர்த்தத்தோடு வெளியே பார்ப்பார். நான் கியர் மாற்றுவேன்.

கோபம் வராத ஆள் இல்லை நான். இந்த ஊர் ரோடு தெரிந்தவர்களுக்குப் புரியும். வடக்கே போக வேண்டுமென்றால் ஜிர்காடாங் கேட்டில் நின்று கான்வாயில்தான் போக வேண்டும். ஜாரவா பழங்குடி மக்கள் இருக்கிற காடு. குறித்த நேரத்துக்கு கேட் திறப்பார்கள், எல்லா வண்டியும் வரிசையாகப் போகும். நடுவில் நிற்கக்கூடாது, யாரையும் படம் எடுக்கக்கூடாது. விட்டால் அடுத்ததற்கு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் கேட் திறக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது சார் இறங்கிப் போனார். எதிரே டீக்கடையில் அடுப்புப் புகைக்குள் காலை வெயில் விழுந்திருந்ததாம். "ரெண்டே நிமிஷம்ணே." நான் டீக்கடை வாசலில் முறைத்துக்கொண்டு நிற்க, எங்களுக்குப் பின்னால் இருந்த நாற்பது வண்டியும் எங்களைத் தாண்டிப் போனது. கடைசி வண்டி போனதும் கேட்டை மூடினார்கள். மூன்று மணி நேரம். பதினொரு சமோசா தின்றேன். அன்றைக்கு மனதில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தேன்.

ஆனால் காட்டுக்குள் அவர் ஒழுங்கு. அதைச் சொல்ல வேண்டும். கேமராவிலிருந்து பேட்டரியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுவிடுவார். "என் கை மேல எனக்கு நம்பிக்கை இல்லண்ணே. நீங்க வச்சுக்கோங்க." ஒன்றரை மணி நேரம் கையை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காடு முடிந்து மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை வந்ததும், "அண்ணே, பேட்டரி," என்று கை நீட்டுவார். விரதம் முடிந்தவர் இலையில் உட்காருகிற மாதிரி இருக்கும்.

இந்தக் கை நீட்டல்தான் அன்றைக்கு வினையாகிப் போச்சு.

சாருக்குக் கல்யாணம் ஆகவில்லை. மெயின்லேண்டில் பெண் பார்த்தார்கள், அந்தமான் என்றதும் ஏதோ தண்டனைக்குப் போனவன் மாதிரி பின்வாங்கினார்கள். முப்பத்தெட்டில் அந்தமானுக்குள்ளேயே, வடக்கே ரங்கத்தில் ஓர் இடம் அமைந்தது. பெண் பள்ளிக்கூட டீச்சர். சிலோன் தோட்டத்திலிருந்து வந்து காட்சால் தீவில் குடியேறின குடும்பம். சுனாமிக்குப் பிறகு, மிச்சம் இருந்தவர்கள் ரங்கத்துக்கு வந்துவிட்டார்கள். மிச்சம் என்றால் டீச்சரும் அவர் அண்ணனும்தான்.

சார் ஒரு படம் அனுப்பினார். மரைன் ஹில்லில் அவர் வாடகை வீட்டு மாடியில், எண்பத்தைந்தில் எடுத்தது. அதற்காக நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாடியில் நின்றேன். படம் பிரமாதம். அதுதான் சிக்கல். அந்த அண்ணன் போன் பண்ணிக் கேட்டான். "சார், தப்பா நெனைக்காதீங்க. இது இப்ப எடுத்த படமா, பத்து வருசத்துக்கு முந்தினதா?"

சார் ஆடிப்போய்விட்டார். வாழ்க்கையிலேயே ஒரு தடவை புகழ்ந்து பேசுகிற லென்ஸைப் போட்டேன், அதுவும் மாட்டிக்கிட்டேனே என்று இரண்டு நாள் புலம்பினார். கடைசியில் நேரிலேயே வருகிறேன் என்று சொல்லி நாளும் குறித்தார்கள். அந்த அண்ணன் மெயின்லேண்டுக்கு வேலைக்குப் போகிறவன். மறுநாள் காலை போர்ட் பிளேயரில் கப்பல். அதனால் ரங்கத்திலிருந்து பன்னிரண்டு மணி பஸ்ஸில் கிளம்பியாக வேண்டும். போனால் திரும்ப ஆறு மாசம். அவன் இல்லாமல் பேச்சு இல்லை. பன்னிரண்டுக்குள் சார் அங்கே போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

விடியற்காலையே கிளம்பினோம். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாமல் இருக்க சீட்டில் சாயாமலே வந்தார். முதல் கான்வாயைப் பிடித்தோம். மிடில் ஸ்ட்ரெயிட் வந்ததும் கை நீண்டது. "அண்ணே, பேட்டரி."

"சார், இன்னிக்குமா?"

"இன்னிக்குத்தான்ணே. முப்பத்தஞ்சுல ஒண்ணு. உள்ளபடி." பையிலிருந்து அன்றைய செய்தித்தாளை எடுத்தார். "இதை நெஞ்சுல பிடிச்சிக்கிட்டு நிப்பேன். தேதி தெரியும்ல."

"நேர்லதானே சார் போறோம். படம் எதுக்கு?"

"நேர்ல போனா பதட்டத்துல என் மூஞ்சி எனக்கே அடையாளம் தெரியாதுண்ணே. படம் கையில இருந்தா, வச்சு ஒப்பிட்டுப் பாத்துக்குவாங்க."

பேட்டரியை எடுத்துக் கொடுத்தேன்.

பாராடாங் தீவுக்குப் போகிற படகு தயாராக நின்றது. வண்டிகளையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றுகிற பெரிய படகு. என் ஜீப்பை ஏற்றினேன். சார் படகின் ஓரக் கம்பியை ஒட்டி ஸ்டாண்டை நிறுத்தினார். கேமரா படகில், அவர் கரையில், பின்னால் அலையாத்திக் காடு. அதுதான் திட்டம். இறங்கிப் போய்த் துறையில் நின்றேன். "அரை அடி இடப்பக்கம்." ஃபோகஸைப் பூட்டினார். அங்கிருந்து துறைக்குப் பத்து வினாடியில் ஓட முடியாது என்று, இரண்டு வினாடிக்கு ஒரு படம் தானாக எடுத்துக்கொண்டே இருக்கிற மாதிரி வைத்தார். நான் படகுக்கு வந்தேன், அவர் துறைக்குப் போனார். வழியில் சொன்னார், "கேமராவைத் தொட்டுராதீங்கண்ணே."

நான் அதன் பக்கத்தில் போய் நின்றேன். கிளிக். கிளிக். சார் செய்தித்தாளை நெஞ்சில் பிடித்துக்கொண்டு, யாரோ கடத்திக்கொண்டு போய்ப் படம் எடுத்து அனுப்பினவர் மாதிரி நின்றார்.

படகுக்காரன் என்னைப் பார்த்து, "சப் ஆ கயா?" என்று கேட்டான். எல்லாரும் வந்தாச்சா என்று.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வாயைத் திறக்கவில்லை. ஜிர்காடாங் ஞாபகம் வந்தது. பதினொரு சமோசாவும் ஞாபகம் வந்தது. கொஞ்சம் நகரட்டும், பயந்து ஓடி வந்து ஏறட்டும், ஒரு நாளாவது இந்த மனுசன் நேரத்தின் அருமையைப் படிக்கட்டும் என்று கை கட்டி நின்றேன். கயிற்றை அவிழ்த்தார்கள். பலகையைத் தூக்கினார்கள். படகு நகர்ந்தது.

சார் முதலில் சிரித்துக்கொண்டேதான் நின்றார். பிறகு செய்தித்தாள் இறங்கியது. பிறகு ஓடினார். நானும், "ரோக்கோ, ரோக்கோ," என்று நிறுத்தச் சொல்லிக் கத்தினேன், ஆனால் இன்ஜின் சத்தத்தில் என் தொண்டை எங்கே எடுபடும். படகுக்கும் துறைக்கும் ஓரடி இடைவெளிதான் இருந்தது. தாண்டிவிடலாம். தாண்டப் போனார்.

அதே நேரம், படகைப் பிடிக்க ஓடி வந்த ஒரு வங்காளத்துப் பெண்மணி, இங்கே மாசி என்போம், தடுக்கி விழுந்தாள். கையிலிருந்த கூடை உருண்டு திறந்தது. ஏழெட்டுக் கோழி. துறை முழுக்கக் கோழி. சார் தாண்டப் போனவர் நின்றார். திரும்பினார். மாசியைத் தூக்கி உட்கார வைத்தார். பிறகு நான் பார்த்தது, இஸ்திரிச் சட்டையோடு ஒரு ஜூனியர் இன்ஜினியர் குனிந்து குனிந்து கோழி துரத்துவதை. படகு போய்க்கொண்டே இருந்தது. அவர் சின்னதாகிக்கொண்டே போனார். கேமரா கிளிக், கிளிக் என்று எடுத்துக்கொண்டே இருந்தது. தொடாதே என்று சொல்லியிருக்கிறாரே. கடைசியில் தண்ணீர் தெறிக்கிறது என்று என் துண்டை அதன் மேல் போட்டு மூடினேன்.

பாராடாங்கில் ஜீப்பை இறக்கிவிட்டுத் துறையிலேயே நின்றேன். படகு திரும்பிப் போய் அவரை ஏற்றி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒருத்தன் கல்யாணத்தைப் பதினொரு சமோசாவுக்காகக் கெடுத்துட்டியேடா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். முக்கால் மணி கழித்து ஒரு சின்ன மோட்டார் படகு வந்தது. மாசியின் சொந்தக்காரன் படகாம். அதில் மாசி, கூடை, நடுவில் சார். சட்டையில் கோழி எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் அடையாளம். ஜீப்பில் ஏறினார். சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இனி எந்த மடிப்பைக் காப்பாற்ற.

அன்றைக்கு நான் ஓட்டின ஓட்டத்தை என் ஜீப் இன்னும் மறந்திருக்காது. ரங்கத்தில் அந்த வீட்டு வாசலில் நிறுத்தும்போது பன்னிரண்டு அடிக்கக் கால் மணி. அண்ணன் பையைத் தோளில் மாட்டி வாசலிலேயே நின்றிருந்தான். சாரின் சட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"வாங்க. நேரமில்ல எனக்கு. உள்ளுக்கு வாங்க."

டீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். மெலிந்த முகம், கூர்மையான பார்வை. பரீட்சைத் தாளைப் பார்க்கிற மாதிரி சாரைப் பார்த்தார்.

"படத்துல வேற மாதிரி இருந்தீங்க."

சார் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான். சார் கேமராவை எடுத்து அப்படியே நீட்டினார். "முப்பத்தஞ்சுல இருக்கு. இன்னிக்கு எடுத்தது."

டீச்சர் வாங்கிப் பொத்தானை அமுக்கினார். கேமராவில் கடைசிப் படம்தான் முதலில் வரும். முதலில் இருட்டு. என் துண்டு. இருட்டு, இருட்டு, இருட்டு. "இதுல ஒண்ணும் தெரியலையே," என்றார். பிறகு ஒரு பச்சைக் காடு, கீழே எறும்பளவு ஓர் ஆள். பெரிதாக்கிப் பார்த்தார். அந்த ஆளின் இரண்டு கையிலும் இரண்டு கோழி.

டீச்சர் அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. கதை பின்னாலிருந்து முன்னால் போனது. கோழிகள் கையிலிருந்து இறங்கி ஓடின, சார் தவழ்ந்தார், மாசி தரையில் கிடந்தாள், சார் பின்பக்கமாக ஓடிப்போய், செய்தித்தாளோடு அசையாமல் நின்றார். அண்ணனும் பையோடு எட்டிப் பார்த்தான். அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு படத்துக்குத் திரும்பப் போனார். "இதுல போட் கிட்டக்கதான் நிக்குது. நீங்க தாண்டிருக்கலாமே."

சார் எட்டிப் பார்த்தார். "தாண்டிருக்கலாம்ங்க. அந்தம்மா விழுந்துட்டாங்க."

"எங்க அண்ணன் பன்னெண்டு மணிக்குப் போயிரும்னு தெரியும்தானே?"

"தெரியும்."

டீச்சர் இன்னும் கொஞ்சம் பின்னால் போனார். அங்கேதான் நான் வந்தேன். துறையில் நான். இன்னும் பின்னால், மரைன் ஹில் மாடியில் நான். டீக்கடைப் புகையில் நான். மாயாபந்தரில் குடையோடு நான். ஒன்றைக்கூட அவர் அழிக்கவில்லை.

"இவரு ஏன் எல்லாத்துலயும் மொறைக்கிறாரு?" என்று டீச்சர் கேட்டார். கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தவர், அங்கேயும் அதே முகம் நிற்பதைப் பார்த்து அப்போதுதான் சிரித்தார்.

"டிரைவர் அண்ணன் மேலதாங்க ஃபோகஸ் ஒழுங்கா விழும்," என்றார் சார். "என்னோடதுல பாதி ஆடிப் போயிருக்கும். அண்ணன் ஒண்ணுலகூட ஆடல. எப்படி அழிக்கிறது?"

அண்ணன் பையை இறக்காமலே தங்கச்சியைப் பார்த்தான். "என்னா சொல்ற? எனக்கு பஸ் போயிரும்."

டீச்சர் அந்தக் கோழிப் படத்தைத் திரும்ப எடுத்து அவனிடம் காட்டினார். "இதை உன் போனுக்கு அனுப்பச் சொல்லு. கப்பல்ல யாரும் கேட்டா இதைக் காட்டு."

"இதுல மூஞ்சியே தெரியலையே."

"மூஞ்சியை நான் நேர்ல பாத்துக்கிறேன்."

அண்ணன் ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தான். சார் தேத்தண்ணியைக் குடிக்காமலே இரண்டாவது முறை நன்றி சொன்னார், சுவரைப் பார்த்து.

திரும்பி வரும்போது என்னால் தாங்க முடியவில்லை. வண்டியை ஓரம் கட்டிச் சொன்னேன். "சார், படகுக்காரன் என்னைக் கேட்டான். எல்லாரும் வந்தாச்சான்னு. நான் சொல்லல."

"தெரியும்ணே."

"எப்படி?"

"வெயில் உங்களுக்குப் பின்னாடி. முதல் ஆறு படத்துல உங்க நிழல் துறையில விழுந்திருக்கு. கை கட்டிக்கிட்டு நிக்குது." வழக்கம்போல வெளியே பார்த்தார். "எஃப் எட்டுண்ணே. எல்லாம் தெரியும்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "கோபம் வரலையா சார்?"

"ஜிர்காடாங்குல நீங்க தின்ன சமோசாவை எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். வண்டியை எடுங்க."

ஆறு மாசம் கழித்து, அந்த அண்ணன் திரும்பி வந்ததும், போர்ட் பிளேயரிலேயே கல்யாணம். படம் எடுக்க ஆள் வைத்திருந்தார்கள். சார் ஒழுங்காக எல்லாவற்றுக்கும் நின்றார். தாலி கட்டி முடிந்ததும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு நான் எடுக்கணும்," என்று அந்தக் கறுப்புப் பையைத் திறந்தார். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். எண்பத்தைந்தை எடுத்தார், வைத்தார். முப்பத்தைந்தை மாட்டினார்.

"அண்ணே, அங்க நில்லுங்க. அரை அடி இடப்பக்கம்."

நான் டீச்சருக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றேன். ஃபோகஸைப் பூட்டினார். பீப் பீப் ஆரம்பித்தது. வேட்டியோடு ஓடி வந்தவர், டீச்சரின் அந்தப் பக்கமாகப் போய் நின்றார். ஓடிக்கொண்டே என்னைப் பார்த்து, "நகராதீங்கண்ணே," என்றார்.

காதில் விழுந்தது. சத்தியமாக விழுந்தது. ஆனால் நாலு வருஷப் பழக்கம், காலுக்குக் காது கிடையாதே. பீப் சத்தம் வேகமானதும் என் கால் தானாக ஒரு குதி குதித்தது. கிளிக்.

இன்னொன்று எடுப்பதற்குள் எல்லாரையும் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. சார் சட்டம் போட்டே அனுப்பினார். டீச்சர் சிரிக்கிறார். சார் சிரிக்கிறார், கண் மூடவில்லை. டீச்சரின் இடது பக்கம், ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் காலி இடம். அதற்கும் அந்தப் பக்கம், படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை. ரேடியேட்டர் சுட்ட தழும்புகூடத் தெளிவாகத் தெரிகிறது. வருகிறவர்கள் யார் என்று கேட்டால் என் வீட்டுக்காரி, "இவர்தான், இதுக்கு அந்தப் பக்கம் நிக்கிறார்," என்கிறாள்.

அடுத்த வருஷம் அவருக்கு மாற்றலாகி மெயின்லேண்டுக்குப் போய்விட்டார்கள். இப்போதும் எப்போதாவது போன் வரும். போன மாசம் ஏதோ மலையிலிருந்து கூப்பிட்டார். காற்றுச் சத்தம், பின்னால் டீச்சர் சீக்கிரம் என்று கத்துகிற சத்தம்.

"அண்ணே, இங்க எவனும் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கிறான். ஃபோகஸே விழல."

எனக்கு என்னமோ போல ஆகிவிட்டது. இத்தனை வருஷமாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "நானும்தானே சார் நகர்ந்துட்டேன். நிக்கச் சொன்ன ஒரே நாள்ல."

சார் சிரித்தார்.

"அரை அடிதானேண்ணே."